தபால் மேசை கேட்டவர்

“எந்த ஊழியரும் ஒரே இருக்கையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பணியாற்றக் கூடாது.”

எங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் நடைமுறைக் கையேட்டில், இருக்கை மாற்றம் என்ற தலைப்பின் கீழ் வரும் முதல் வாக்கியம் இது. இதையடுத்து இன்னொரு வாக்கியமும் உண்டு. எனக்கு அது அன்றைக்கும் மனப்பாடம். ஓய்வு பெற்று, ரத்த அழுத்த மாத்திரையின் பெயரே மறந்துபோகிற இன்றைக்கும் மனப்பாடம். உரிய இடத்தில் சொல்கிறேன்.

காரைக்கால் கிளையில் நான் நிர்வாக அதிகாரியாக இருந்த காலம். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிங்காரவேலு என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

அவர் டெத் கிளெய்ம் பார்ப்பவர். பாலிசி எடுத்தவர் இறந்துபோனால் அவர் வீட்டார் காகிதங்களோடு வந்து உட்காரும் மேசை அவருடையது. ஊர் பட்டினச்சேரி. கடல் தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து படித்து உத்தியோகத்துக்கு வந்த முதல் ஆள்.

“உக்காருங்க சிங்காரவேலு.”

“இருக்கட்டும் சார்.”

கையில் கழுவாத டிபன் பாக்ஸ். அதன் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் புளிக்குழம்பு வாசம் வந்து போனது.

“என்னத் தபால் மேசைக்கு மாத்திவுட்டுடுங்க சார்.”

“என்ன திடீர்னு?”

“திடீர்னு இல்ல சார். ஆறு வருஷமாச்சு. தபால் மேசைன்னா கடுதாசிதான் வரும். கடுதாசி வந்து எம்முன்னால உக்காந்து அழுவாதுல்ல.”

நான் சிரித்தேன். அதிகாரிகள் சிரிக்க வேண்டிய அளவு. அவர் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸ் கொக்கி மட்டும் இன்னொரு தடவை சத்தம் போட்டது.

பிடித்தவை மூன்று, பிடிக்காதவை மூன்று

இந்தத் தொடரைப் படிக்கும் அன்பர் ஒருவர், “உங்கள் ஆபீசில் நல்லதே நடக்கவில்லையா?” என்று கேட்டு எழுதியிருந்தார். நடந்திருக்கிறது. எங்களுக்கு என்ன பிடிக்கிறது என்று ஒரு முறை மேலிடம் கேட்டது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய வருஷம் அது. தனியார் கம்பெனிகள் இன்சூரன்சுக்குள் வந்து போட்டி ஏறியிருந்த சமயம். அதுவரை எங்களைப் பற்றிக் கவலைப்படாத தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று அக்கறை பிறந்து, ஆளுக்கொரு படிவம் அனுப்பியது. இங்கே வேலை பார்ப்பதில் உங்களுக்குப் பிடித்தவை மூன்று, பிடிக்காதவை மூன்று எழுதுக. பெயர் எழுதத் தேவையில்லை. பெயர் தேவைப்படாத அந்தப் படிவத்தின் மேல் மூலையில் ஊழியர் எண்ணுக்குக் கட்டம் போட்டிருந்தார்கள்.

சாப்பாட்டு அறையில் அன்று நல்ல கூத்து.

கேஷ் கவுண்டர் சகுந்தலா கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருபவர். வாய் கொஞ்சம் நீளம். முதல் ஆளாக எழுதி முடித்து உரக்கப் படித்தார். “பிடிச்சது ஒண்ணு, மாசக் கடேசில சம்பளம். ரெண்டு, கவுண்டர் கண்ணாடி.”

“கண்ணாடியா?”

“ஆமா சார். அந்தப் பக்கம் நின்னு அவங்க திட்டுறது பாதிதான் கேக்கும். மீதிய நாமளா நல்லபடியா நெனச்சுக்கலாம்.”

அவருக்குப் பிடிக்காதது மாங்கனித் திருவிழா. திருவிழா இல்லை, அன்றைக்கு ஆபீஸ் உண்டு என்பது. காரைக்கால் புதுச்சேரி அரசைச் சேர்ந்தது. எங்கள் கோட்ட அலுவலகம் தமிழ்நாட்டில் இருந்தது. விடுமுறைப் பட்டியல் அங்கிருந்து வரும். ஊரே தெருவில் மாம்பழம் இறைத்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கி, வராத வாடிக்கையாளருக்காகக் காத்திருப்போம்.

தபால் மேசையில் அப்போது இருந்தவர் ராஜமாணிக்கம். சங்கத்தின் கிளைச் செயலாளரும் அவரே. கடிதம் வந்தால் தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, உரிய மேசைக்கு அனுப்புவது வேலை. பதினொரு வருஷமாக அந்த வேலையை யாரும் அவரிடமிருந்து பிடுங்கத் துணிந்ததில்லை.

“எனக்குப் பிடிக்காதது ஒண்ணே ஒண்ணுதான்” என்றார். “கல்யாணத்துக்குப் போனா, எங்க வேலைன்னு கேப்பாங்க. இன்சூரன்ஸ் ஆபீஸ்னு வாயத் தொறந்தவொடனே பக்கத்து நாற்காலி காலி. ஐயா, நான் பாலிசி புடிக்கறவன் இல்ல, தபால் பாக்குறவன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குறான்.”

“உனக்குப் பரவாயில்ல மாணிக்கம்” என்றார் சிங்காரவேலு. “எனக்கு ரெண்டு பக்கமும் காலி.”

எல்லோரும் சிரித்தோம். நல்ல நகைச்சுவை என்று நினைத்தேன்.

படிவங்களை வாங்கி உறையிலிட்டது நான். வாங்கும்போது பார்க்கக் கூடாது என்று விதி. பார்த்தேன். சிங்காரவேலு பிடிக்காதவை மூன்றையும் காலியாக விட்டிருந்தார். பிடித்தவையில் ஒரே ஒரு வரி: தபால் மேசைக்குப் பக்கத்து ஜன்னல்.

அந்த ஜன்னலில் அப்படி ஒன்றும் கிடையாது. வெளியே ஒரு பூவரச மரம், அதன் கீழே எங்கள் சைக்கிள்கள், வண்டிகள். மனிதருக்கு ரசனை குறைவு என்று தீர்மானித்து உறையை ஒட்டினேன்.

என்னுடைய படிவத்தையும் சொல்லிவிடுகிறேன். பிடித்தது: ஒவ்வொன்றுக்கும் ஒரு நடைமுறை இருப்பது. பிடிக்காதது: இல்லை.

ஊர்ப் பேரும் பாலிசிப் பேரும்

சிங்காரவேலு அந்த மேசைக்கு வந்து மூன்று வருஷம் ஆகப்போகும்போது, டிசம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் கடல் ஊருக்குள் வந்தது.

ஆண்டுக் கடைசி வேலை தேங்கிக் கிடந்ததால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் இன்னும் இருவரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். சார் வரச் சொன்னதாலதான் சிங்காரம் பொழச்சான் என்று ராஜமாணிக்கம் பல முறை சொல்வதுண்டு. சிங்காரவேலு ஒரு முறையும் சொன்னதில்லை. அவர் மனைவியும் மகளும் மேட்டுத் தெருவில் இருந்ததால் தப்பினார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த தம்பி முருகையனைக் கடல் கொண்டுபோயிற்று.

அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் நடந்தவற்றில் பெருமைப்படத்தக்க விஷயங்கள் உண்டு. மேலிடம் பல நிபந்தனைகளைத் தளர்த்தியது. நாங்கள் வெளிச்சம் போகும்வரை வேலை பார்த்தோம். யாரையும் அலைய விடக் கூடாது என்று மேலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தளர்த்த முடியாத ஒன்று பெயர்.

கடற்கரை ஊர்களில் ஒரு ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். பாலிசியில் ஒன்று. ரேஷன் கார்டில் ஒன்று. ஊரில் கூப்பிடுவது வேறொன்று. பாலிசியில் காத்தவராயன், கார்டில் ராயப்பன், ஊருக்கு நெட்டையன். கொம்யூன் பஞ்சாயத்தில் அவசரத்தில் எடுத்த பட்டியலில், பக்கத்தில் நின்றவர் அழுதுகொண்டே சொன்ன பெயர் ஏறியிருக்கும். அது பெரும்பாலும் ஊர்ப் பெயர். இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று யாராவது சொன்னால்தான் ஃபைல் நகரும்.

சிங்காரவேலு சொன்னார். கையேட்டில் அதற்கு இடமில்லை. இருந்தாலும் மேலாளர் ஒத்துக்கொண்டார், நானும் கையெழுத்துப் போட்டேன். நீளமான நோட்டு ஒன்றில் கோடு போட்டு, இடது பக்கம் பாலிசிப் பெயர், வலது பக்கம் ஊர்ப் பெயர் என்று எழுதிக்கொண்டே போனார். மேசைக்கு எதிரே ஒரு பெண் வந்து உட்காருவாள். இவர் பாலிசியை எடுத்துப் பார்ப்பார்.

“யாரு, நம்ம நெட்டையன் வீடா?”

அவ்வளவுதான். மூன்று நாளாக எங்கெங்கோ யார் யாரோ அவரவர் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மரத்துப்போய் வந்தவள், வீட்டுக்காரனை ஊர்ப் பெயரில் கேட்டதும் உடைந்துபோவாள். இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். பிறகு அடுத்த பெயர்.

எங்கள் வேலையில் இன்னொரு விதி: ஊழியர் தம் உறவினருடைய ஃபைலைத் தாமே பார்க்கக் கூடாது. உறவினர் யார் யார் என்று கையேட்டில் பட்டியல் இருக்கிறது. உடன்பிறந்தார் அதில் உண்டு. ஆகவே முருகையனின் ஃபைலை மட்டும் எடுத்துச் சகுந்தலாவிடம் கொடுத்தேன். விதி துளியும் பிசகாமல் நிறைவேறியது என்று எனக்குத் திருப்தி.

நிபந்தனைகளைத் தளர்த்தியவர்கள் இருக்கைகளை மறந்துவிட்டார்கள். மூன்றாவது வருஷம் முடிந்தது. மாற்றவில்லை, பரபரப்பான நேரம். நான்காவது வருஷம் முடிந்தது. மாற்றவில்லை, அவருக்குத்தான் ஆட்களைத் தெரியும். ஐந்தாவது, ஆறாவது. சுனாமி ஃபைல்களெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தன. சாவு முடியவில்லை. மஞ்சள் காமாலை, பாம்புக்கடி, லாரி, பூச்சி மருந்து. எல்லாம் அந்த மேசைக்குத்தான் வந்தன.

மேசைக்கு மட்டும் வரவில்லை என்பது எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. காலையில் அவர் பல் விளக்கும்போதே வாசலில் இரண்டு பேர் காகிதத்தோடு நிற்பார்களாம். பட்டினச்சேரியை விட்டுத் தலத்தெருவில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடிவந்தார். “காரியம் கேக்கப் போனோம், வீட்டையே மாத்திட்டாரு” என்று ஊரில் பேச்சு. அவர் ஊரை விட்டுப் போவதற்கு முன்பே பெயர் ஒன்று வைத்துவிட்டிருந்தார்கள்: சாவுக் கணக்கப்பிள்ளை.

மற்றவர்களின் ஊர்ப் பெயரையெல்லாம் எழுதி வைத்தவருக்கு ஊர் கொடுத்த பெயர் அது.

தொடாத காபி

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

“சொல்லுங்க. என்ன நடந்துச்சு?” என்றேன். அப்போதும் அவர் உட்காரவில்லை.

“நேத்து வளர்மதியப் பொண்ணு பாக்க வந்தாங்க சார்.”

வளர்மதி அவருடைய ஒரே மகள். ஆசிரியர் பயிற்சி முடித்த பெண்.

“வடக்கேருந்து, கடக்கரை ஊருதான். பையன் ஐஸ் கம்பெனில சூப்பர்வைசர். நல்ல எடம். எல்லாரும் உக்காந்தாச்சு. பொண்ணு காபி கொண்டாந்து வெச்சுது. நான் அப்பத்தான் சட்டையப் போட்டுக்கிட்டு உள்ளேருந்து வர்றேன். பையனோட அம்மா என்னப் பாத்துச்சு. பாத்துக்கிட்டே எந்திரிச்சுடுச்சு.”

“ஏன்?”

“அவங்க வீட்டுக்காரரு ஃபைல நான்தான் பாத்தேன் சார். சுனாமில போனவரு. அந்தம்மா ரெண்டு நாள் எம்மேசைக்கு முன்னால உக்காந்திருந்துச்சு. எனக்கு மூஞ்சி மறந்துபோச்சு. அதுக்கு எம்மூஞ்சி மறக்கல.”

கொக்கியைத் திறந்தார். மூடினார்.

“கோவமா ஒண்ணுஞ் சொல்லல சார். கையெடுத்துக் கும்புட்டுச்சு. ஐயா, நீங்க எங்களுக்குச் செஞ்சத மறக்க மாட்டேன், ஆனா நல்ல காரியத்துக்கு உங்க மூஞ்சில முழிக்க என்னால முடியலன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிருச்சு. காபி அப்படியே இருந்துச்சு.”

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாற்காலியில் நிமிர்ந்தேன்.

“நல்லா முடிச்சுக் கொடுத்தேன் சார் அந்த ஃபைல. ஒரு குறை கெடையாது. இழுத்தடிச்சிருந்தா திட்டிட்டு மறந்துருக்கும்.”

“அதெல்லாம் மூடநம்பிக்கை, சிங்காரவேலு.”

“அப்படித்தான் சார். ஆனா வாசப்படி ஏறி வர்றவங்க அதையும் எடுத்துக்கிட்டுல்ல வர்றாங்க.”

பிறகு குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார்.

“எந்தம்பி ஃபைல மட்டும் எங்கிட்டேருந்து எடுத்தீங்க சார். மத்ததெல்லாம் யாரோடதுன்னு நெனச்சீங்க? நெட்டையன் எனக்குச் சித்தப்பா மொறை. அவரு தோள்ல உக்காந்துதான் நான் திருவிழா பாத்தேன்.”

கையேட்டின் உறவினர் பட்டியலில் சித்தப்பா முறை இல்லை.

எழுதுகிறேன் என்ற சொல்

இனி அந்த இரண்டாவது வாக்கியம். “கிளைக்குள் இருக்கை மாற்றம் செய்யும் அதிகாரம் கிளை நிர்வாக அதிகாரியுடையது, இதற்கு மேலிட அனுமதி தேவையில்லை.”

கிளை நிர்வாக அதிகாரி நான்தான். ஒரு வெள்ளைத்தாள், நான்கு வரி, ஒரு கையெழுத்து. மறுநாள் காலை அவர் பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டு முத்திரை குத்திக்கொண்டிருக்கலாம்.

அதற்கு ராஜமாணிக்கத்தைத் தபால் மேசையிலிருந்து கிளப்ப வேண்டும். கிளப்பி டெத் கிளெய்ம் மேசையில் உட்கார வைக்க வேண்டும். அன்று மாலையே நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

“சார், நான் பயந்த சுபாவம்” என்றார். “தவிர, சங்க வேலை இருக்கு. செயலாளர மாத்துறதுன்னா சங்கம் கேக்கும். அப்பறம் நீங்க வருத்தப்படக் கூடாது.”

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு ஓய்வுக்கு இரண்டரை வருஷம் இருந்தது. என் அறை வாசலில் கோஷத்தைக் கேட்கிற ஆசை எனக்கு இல்லை.

எங்கள் அலுவலகங்களில் முடியாது என்று யாரும் சொல்வதில்லை. “கோட்டத்துக்கு எழுதியிருக்கிறேன்” என்று சொல்வோம். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். எழுதியவருக்கும் பாவம் சேராது. பதில் வராத வரை அது கோட்டத்தின் பாவம். முப்பது ஆண்டுகளில் இப்படி எத்தனை பேரை நன்றி சொல்ல வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் சிங்காரவேலுவைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினேன். பொருள்: இருக்கை மாற்றம் குறித்துத் தெளிவுரை கோருதல். எழுதியவன் நான் என்பதால் பிழையே இல்லாத கடிதம்.

வழக்கப்படி முதலில் பெயரையும் தந்தை பெயரையும் ஊழியர் எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகு கேட்டார்.

“இதுக்குக் கோட்டத்துலதான் கேக்கணுமா சார்?”

அவரும் கையேடு படித்தவர். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார்.

“கேட்டுட்டாப் பின்னால பிரச்சினை வராது பாருங்க.”

“சரிங்க சார். ரொம்ப நன்றி.”

அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் கோட்டத்திலிருந்து தபால் பை வரும். ராஜமாணிக்கம் பையைக் கவிழ்க்கும்போது சிங்காரவேலு தண்ணீர் குடிக்க எழுந்து வருவார். “வந்துதா சார்?” என்பார். “நினைவூட்டு அனுப்பியிருக்கேன்” என்பேன். அனுப்பவும் செய்தேன். நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு. பொங்கல் வந்து போன பிறகு அவர் தண்ணீர் குடிக்க எழுவதை நிறுத்திவிட்டார். கோட்டத்தில் என் கடிதத்தைப் படித்தவர் எவராயிருந்தாலும், இந்த ஆள் ஏன் இதை நம்மிடம் கேட்கிறான் என்று குழம்பி அடியில் செருகியிருப்பார். நானாயிருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

வரிசை தாண்டிப் போன தட்டு

தை மாதக் கடைசியில் பட்டினச்சேரியில் ஒரு கல்யாணம். இறந்துபோன தம்பி முருகையனின் மகளுக்கு. பெரியப்பாவாக நின்று எல்லாம் செய்ய வேண்டியவர் என்று சிங்காரவேலு இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தார். காரணம் என்ற இடத்தில் “மகள் திருமணம்” என்று எழுதியிருந்தார். தம்பி மகள் என்று திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த அளவுக்கு நான் நடைமுறை தெரிந்தவன்.

கல்யாணத்துக்குச் சகுந்தலா போயிருந்தார். திங்கட்கிழமை காலை கவுண்டரைத் திறக்காமல் நேராக என் அறைக்கு வந்தார்.

“சார், கோட்டத்துலேருந்து பதில் வந்துடுச்சா?”

“எதுக்கு?”

“சிங்காரவேலு அண்ணன் விஷயத்துக்குத்தான். வேற எதுக்கு?”

“இன்னும் இல்ல. ஏன்?”

“தாலியத் தட்டுல வெச்சு எல்லாரும் தொட்டுக் கும்பிடக் கொண்டாருவாங்கல்ல. முன் வரிசைல அண்ணன் உக்காந்துருக்காரு, வேட்டி சட்டையோட, கைய நீட்டிக்கிட்டு. தட்டு வந்துது. அவருக்கு முந்துன ஆளு தொட்டாரு. தட்டு வெச்சிருந்த பொண்ணு நேரா ரெண்டாவது வரிசைக்குப் போயிருச்சு.”

“தவறிப் போயிருக்கும்.”

“ஒரு பெரியவரு வந்து காதுல சொன்னாரு சார். நான் பக்கத்துலதான் இருந்தேன். சிங்காரம், நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத, பொம்பளைங்க பயப்படுறாங்கன்னாரு. அண்ணன் நீட்டுன கைய அப்படியே எடுத்துத் துண்ட சரி பண்ணிக்கிட்டாரு. கல்யாணம் முடியற வரைக்கும் துண்ட சரி பண்ணிக்கிட்டேதான் இருந்தாரு.”

மேசையில் இருந்த ஃபைல் ஒன்றை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“ஏன் சார், இதுக்கு உண்மையாவே கோட்டத்துல கேக்கணுமா?”

“கவுண்டர்ல ஆள் நிக்கிறாங்க, சகுந்தலா.”

கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு நான் பேசுவதில் பாதிதான் அவருக்குக் கேட்டது.

அரை நாள்

லீவு முடிந்து வந்த அன்று சிங்காரவேலு கொடுத்த கடிதம் இரண்டு வரி. சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன். அவருக்கு இன்னும் பன்னிரண்டு வருஷ சர்வீஸ் இருந்தது.

“அவசரப்படாதீங்க. தபால் மேசை விஷயமா இன்னிக்கே இன்னொரு தடவ…”

“எழுத வேணாம் சார்.”

“அப்ப என்ன செய்யப்போறீங்க?”

“அண்ணாமலைன்னு ஒருத்தரு நாகப்பட்டினத்துல மோட்டார் சாமான் கடை வெச்சிருக்காரு. கடைல நிக்க ஆளு வேணுமாம். இஞ்சினு ரிப்பேருன்னு வர்றவன் என்னப் பாத்துப் பயப்பட மாட்டான்ல.” முதல் முறையாகச் சிரித்தார். “ராஜினாமாவுக்குக் கோட்டத்துல கேக்கணுமா சார்?”

கேட்க வேண்டும். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அன்று மாலைத் தபாலிலேயே அனுப்பினேன். ஏற்றுக்கொண்டோம் என்ற உத்தரவு இரண்டாவது வாரமே வந்துவிட்டது. நினைவூட்டு எதுவும் தேவைப்படவில்லை.

கடைசி நாள் அவருடைய மேசையில் நிலுவை ஒன்றுகூட இல்லை. சாவிகளைக் கொடுத்தார். பின்னர் அந்த நீள நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இது ஆபீஸ் சாமான் இல்ல சார், நான் வாங்குனது. இருந்தாலும் இங்கேயே இருக்கட்டும். புதுசா உக்கார்றவருக்கு ஊர்ப் பேரு தெரியாது.”

புரட்டினேன். பெயர்களின் இரண்டு வரிசை, பக்கம் பக்கமாக. முருகையன் என்ற பெயர் இடது பக்கம் இருந்தது. அந்த ஃபைல் அவரிடம் வராவிட்டாலும் எழுதியிருந்தார். வலது பக்கம் காலியாக விட்டிருந்தார்.

மாலையில் அவர் தலத்தெரு பக்கம் சைக்கிளை மிதித்துப் போனார். கிளம்பும்போது பூவரச மரத்தடியில் வண்டியை எடுத்ததைத் தபால் மேசை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் வேலை முடிந்து போகிறவர்கள் தெரிவார்கள். காகிதத்தோடு வருகிறவர்கள் தெரிய மாட்டார்கள், வாசல் மறுபக்கம். அவர் எதற்கு அந்த ஜன்னலை விரும்பினார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

டெத் கிளெய்ம் மேசையைக் காலியாக விட முடியாது. மறுநாள் காலை பத்தரைக்கு ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன். நான்கு வரி எழுதினேன். ராஜமாணிக்கம் உடனடியாக அந்த இருக்கைக்கு மாற்றப்படுகிறார். கையெழுத்துப் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் அவர் அங்கே உட்கார்ந்துவிட்டார். கோட்டத்தை நான் கேட்கவில்லை. சங்கமும் என்னைக் கேட்கவில்லை. கோஷமும் எழவில்லை. ராஜமாணிக்கம் முணுமுணுத்தது மட்டும் உண்மை. “ஆளு போனப்பறம் வந்த வேகத்த ஆளு இருக்கும்போது காட்டியிருக்கலாம் சார்.” என்னை மிரட்டியவரே இதைச் சொன்னார்.

வளர்மதிக்கு அதற்கு அடுத்த வருஷம் நாகப்பட்டினத்தில் கல்யாணம் நடந்ததாம். மாப்பிள்ளையும் வாத்தியார். சிங்காரவேலு மனைவியோடு வந்து சகுந்தலாவுக்கு, ராஜமாணிக்கத்துக்கு, காவலாளிக்கு எல்லோருக்கும் தட்டில் பழம் வைத்துப் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அன்று அலுவலகத்தில்தான் இருந்தேன். என் அறைக் கதவும் திறந்துதான் இருந்தது.

“உங்களுக்குத் தபால்ல அனுப்பியிருப்பாரு சார்” என்றார் சகுந்தலா.

பல நாள் தபாலைப் பார்த்தேன்.

பதில்

மார்ச் முப்பத்தொன்று வந்தால் எல்லாக் கோட்ட அலுவலகங்களுக்கும் ஒரு சடங்கு உண்டு. நிலுவைக் கடிதங்கள் எத்தனை என்று மேலே கணக்குக் காட்ட வேண்டும். பூஜ்யம் என்று காட்டினால் நல்ல பெயர். ஆகவே அடியில் கிடந்ததையெல்லாம் உருவி, ஒரே நாளில் பதில் எழுதித் தள்ளுவார்கள்.

சிங்காரவேலு போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ராஜமாணிக்கத்தை எடுத்த பிறகு தபால் மேசைக்கு ஆள் போடவில்லை. பை வரும் நாட்களில் நானே அங்கே போய் உட்கார்ந்து பிரிப்பேன். மார்ச் முடிந்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமைப் பையில் பழுப்பு உறைகள் இருபதுக்கு மேல். அவற்றில் ஒன்று என் கடிதத்துக்கு.

சிக்கனமான பதில். கையேட்டின் இரண்டாவது வாக்கியத்தை எடுத்து எழுதியிருந்தார்கள். கீழே தங்கள் சொந்த வாக்கியம் ஒன்று: கிளை அளவிலேயே முடிவு செய்ய வேண்டியவற்றை இனி இவ்வலுவலகத்துக்கு அனுப்பி நேரத்தை வீணாக்குவதைத் தவிர்க்கவும்.

வெளியே பூவரச மரத்தில் ஒரு அணில். மேசையில் மைப்பெட்டி காய்ந்திருந்தது. இரண்டு சொட்டு மை விட்டேன். உள்ளே வரும் எந்தக் கடிதத்திலும் பெற்றுக்கொண்ட தேதியை இடாமல் மேலே நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது விதி. மேலே எடுக்க நடவடிக்கை எதுவும் இல்லை. ஆனாலும் முத்திரையின் சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்து, அந்த மனிதர் கேட்ட நாற்காலியில் உட்கார்ந்தபடி, குத்தினேன்.

ஏப்ரல் நான்கு.